கெட்டிக் கோடு

செப்டம்பர் 11

இந்த ஆண்டும் எனக்கு முதல் பருவம்தான். பொறியியல் வரைகலை, கம்ப்யூட்டர் சயின்ஸ் பி பிரிவு, அறுபது இடங்கள். மெக்கானிக்கலில் சேர ஆள் வரவில்லை என்று துறையை மூடினார்கள். மூடிய பின் அதன் பேராசிரியர்களை முதலாமாண்டுப் பாடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பாரைப் பிரிப்பது போல. வெல்டிங்கில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். என் பட்டறையின் லேத்துகளைப் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிய அன்று நான் விடுப்பு எடுக்கவில்லை. ஜன்னலோரம் நின்று கடைசிவரை பார்த்தேன். அங்கே இப்போது குளிரூட்டிய கணினிக் கூடம்.

அதற்கு அதிபதி சபரிநாதன். டீன். இதே கல்லூரியில் முதல் பருவத்தில் என்னிடம் வரைகலை படித்தவன். கால அட்டவணையை அவனே கொண்டுவந்து நீட்டினான். "உங்கள உட்டா டிராயிங்குக்கு யாருங்க சார் இருக்கறாங்க" என்றான். பாராட்டு மாதிரி இருந்தது. அவன் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். படிக்கிற காலத்திலும் இருந்தது. எனக்கு அப்போதே பிடிக்காது.

வரும் வழியில் வண்டியின் கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது. பேருந்து நிறுத்தம் வரை தள்ளிக்கொண்டு வந்தேன். என்னைக் கடந்து போன கார்களில் இரண்டு என் மாணவர்களுடையவை. கை காட்டினார்கள். நிறுத்தவில்லை.

செப்டம்பர் 15

முதல் வகுப்பு. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் படத்தைக் கையால் எதற்கு வரைய வேண்டும் என்று ஒருவன் கேட்டான். வருடா வருடம் ஒருவன் கேட்பான். இவன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பொருளை மூளைக்குள் திருப்பிப் பார்க்கத் தெரியாதவனுக்கு எந்தப் பொத்தானும் உதவாது என்றேன். குறித்துக்கொண்டார்கள். இவர்கள் எதையும் குறித்துக்கொள்வார்கள். இருமினால் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

யாருக்கும் பென்சில் சீவத் தெரியவில்லை.

செப்டம்பர் 29

கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறாள். கோகிலவாணி. விடுதியில் இல்லை, சங்ககிரி பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறாள். மற்ற பெண்கள் ஒரு கும்பலாக இருக்கிறார்கள், இவள் தனியாக. விட்டுப்போன பாடங்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாள். புத்தகம் இருக்கிறதே என்றேன். சரிங்க சார் என்று போய்விட்டாள்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடாமல் உறுமுகிறது. கெப்பாசிட்டர் போயிருக்கும். மனைவி ஈஸ்வரி ஆள் கூப்பிடலாம் என்றாள். வீட்டில் ஒரு மெக்கானிக்கல் பேராசிரியர் இருக்கும்போது ஆள் எதற்கு என்று நானே மாற்றினேன். ஓடுகிறது.

அக்டோபர் 9

முதல் உள்தேர்வு. என் வழக்கமான கணக்கையே கொடுத்தேன். அறுகோணப் பிரமிடு ஒன்று, தன் முக்கோண முகம் ஒன்று தரையில் படும்படி சாய்ந்து படுத்திருக்கிறது. அதை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியும் விளிம்பைக் கெட்டிக் கோடாகவும், பொருளுக்கு அடியில் மறைந்த விளிம்பை விட்டுவிட்டுப் போடும் கோடாகவும் வரைய வேண்டும். இதில் ஒரு கோடு தப்பினாலும் சுழியம்தான். இது என் சட்டம். தெரிவது எது, மறைந்திருப்பது எது என்று பிரித்தறியாதவன் எனக்கு வேண்டாம்.

திருத்துவதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. விடையை டிரேசிங் தாளில் மையால் வரைந்து வைத்திருக்கிறேன். மாணவன் படத்தின் மேல் அதை விரித்துவைத்தால் போதும். பொருந்தினால் மதிப்பெண், விலகினால் சுழியம். மற்றவர்கள் ஞாயிறு முழுக்கத் திருத்துவார்கள். எனக்கு ஒரு டீ ஆறும் நேரம். பிரதி எடுத்துத் தரச் சொல்லி எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். நான் கொடுத்ததில்லை.

அக்டோபர் 11

நம்ப முடியவில்லை. பென்சில் பிடிக்கத் தெரியாத இந்தக் கூட்டத்தில் ஐம்பத்தொன்பது பேர் பிரமிடைச் சரியாக வரைந்திருக்கிறார்கள். பொத்தான் கேட்டவன் உட்பட. டிரேசிங் தாளை வைத்தால் மயிரிழை விலகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கில் மட்டும் இப்படித்தான் நடக்கிறது. மற்றதையெல்லாம் கோட்டை விடுவார்கள், இதை விடமாட்டார்கள். ஒரு பாடத்தை நடத்துகிற விதத்தில் நடத்தினால் மரமண்டையிலும் இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நடத்தும் முறை பற்றிக் கருத்தரங்கு போடுகிறவர்களுக்கு இது தெரியாது.

ஒரே ஒரு சுழியம், கோகிலவாணிக்கு. தரையோடு படுத்திருக்கும் முகத்தின் ஒரு விளிம்பை, கெட்டிக் கோடாக வர வேண்டியதை, விட்டுவிட்டுப் போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 12

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவளை எழுப்பி, ஐம்பத்தொன்பது பேருக்குக் கண்ணில் தெரிந்த கோடு உனக்கு மட்டும் ஏன் மறைந்தது என்று கேட்டேன். வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அது மறைஞ்சுதாங்க சார் இருக்கோணும். அடியில போற விளிம்புங்க."

விடை என்னிடம் இருக்கிறது என்றேன்.

"அப்ப விடை தப்புங்க சார்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் என்னை எரித்தது. இருபத்து நான்கு வருடப் பணி. பெற்றோரை அழைத்து வந்த பிறகு வகுப்புக்குள் காலெடுத்து வை என்று வெளியே அனுப்பினேன். தாமதமாக வந்தாலும் பெற்றோர், மதிப்பெண் குறைந்தாலும் பெற்றோர் என்பது இந்தக் கல்லூரியில் எழுதாத விதி. நான் உண்டாக்கியதல்ல. எதிர்த்துப் பேசினால் மட்டும் வேண்டாமா?

அக்டோபர் 16

வாசலில் வந்து நின்றாள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராம். வண்டி சத்தீஸ்கரில் ஓடுகிறது, தீபாவளிக்குத்தான் திரும்புமாம். அம்மா நூல் மில்லில் ஷிப்ட். ஒரு நாள் போகாவிட்டால் அந்த வாரத்து வருகைப்படி கிடைக்காதாம். அதெல்லாம் என் பிரச்சினை இல்லை என்றேன். மன்னிப்புக் கேட்டால் விடுகிறேன் என்றும் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"எதுக்குங்க சார் கேக்கோணும்?" என்றாள்.

கதவைச் சாத்தினேன்.

அக்டோபர் 20

ஒவ்வொரு வரைகலை வகுப்புக்கும் வருகிறாள். உள்ளே வருவதில்லை. தாழ்வாரச் சுவரில் சாய்ந்து, படம் வரையும் டிராஃப்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு, கரும்பலகை தெரிகிற கோணத்தில் நிற்கிறாள். நான் வருகையில் 'இல்லை' என்று போடுகிறேன். இப்படியே போனால் எழுபத்தைந்து சதவீதம் தேறாது. பருவத் தேர்வுக்கு உட்கார முடியாது. அதை அவளுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஈஸ்வரியிடம் சாப்பிடும்போது சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இன்ஜினியரிங் வேண்டாம்னு நம்ம பையனும் இப்படித்தான் கதவோரம் நின்னான். அப்பறம் பி.காம் சேர்ந்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்" என்றாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பெண்களிடம் தர்க்கத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அக்டோபர் 25

என் மேசையில் யாரோ குச்சிக்கிழங்கை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அறுகோணப் பிரமிடாகச் செதுக்கி, முக்கோண முகம் அடியில் இருக்கும்படி படுக்க வைத்திருந்தது. ஆறு பக்கமும் பிசிறில்லாமல், கத்தி ஒரே இழுப்பில் போயிருக்கிறது. அடியில் போகும் இரண்டு விளிம்புகளிலும் பேனாவால் நீலக் கோடு.

மேசை காய்கறிச் சந்தையா? குப்பையில் போடச் சொல்லலாம் என்றால் உதவியாளர் இன்று வரவில்லை. ஜன்னல் திட்டில் தூக்கி வைத்தேன்.

நான் அதை மேலிருந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அக்டோபர் 26

கிழங்கு கறுக்கத் தொடங்கிவிட்டது. நீலக் கோடு கீழிருந்து பார்த்தால் இன்னும் தெரிகிறது.

அக்டோபர் 31

அவள் தந்தை பேசினார். என் எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் வாங்கினாராம். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல், பாதி கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னேன். துளைக்கிற பிட் பாறையில் நிற்கும்போது நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டு, யாரையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி இரைச்சலைத் தாண்டி நடந்து வந்தார்.

பெயர் செங்கோட்டுவேல். குரலில் பணிவு இருந்தது. பணிவுக்குள் வேறொன்றும் இருந்தது. உங்கள் மகள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னை எதிர்த்துப் பேசினாள் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"புள்ள தப்புப் பண்ணியிருந்தா சொல்லுங்க சார். இன்னிக்கே ரயில் ஏறி வந்து உங்க கால்ல உழுகறேன். தப்பில்லீன்னா நான் எதுக்குங்க வரோணும்?"

வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

"அந்தக் கோட்ட இன்னொருக்கா பாத்தீங்களா சார்?"

இரைச்சல் அதிகமாக இருக்கிறது, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ரிக் வண்டிக்காரன் எனக்கு வரைகலை சொல்லித் தருகிறான்.

நவம்பர் 2

டிரேசிங் தாளை எடுத்துப் பார்த்தேன், ஓரம் கிழிந்திருக்கிறதா என்று. கிழியவில்லை. உச்சியில் ஆறு கோடுகளும் வந்து கூடுகிற இடத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. அந்த விளிம்பை வரையும்போது பேனாவை எடுக்காமல் இழுத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

தலைவலி. மாத்திரை போட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

நவம்பர் 6

சபரிநாதன் கூப்பிட்டு அனுப்பினான். என்னைக் கூப்பிட்டு அனுப்புகிற அளவுக்கு ஆகிவிட்டது. போனேன்.

மேசையில் வருகைப் பட்டியல். கோகிலவாணி இன்னும் இரண்டு வகுப்பு தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது, விட்டுவிடுங்கள் சார் என்றான். ஒழுங்குக்கும் கருணைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் டீன் ஆனால் இப்படித்தான் என்றேன். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. அது இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தப் புள்ள போட்டதுதான் சரி."

வருகைப் பட்டியலை அவன் பக்கமே தள்ளினேன்.

"எங்க பேட்ச்லயே தெரியுங்க சார். அதுக்கு முன்னாடி பேட்சுக்கும் தெரியும். ஹாஸ்டல்ல சீனியருங்க மொத வாரமே சொல்லிருவாங்க. தண்டபாணி சார் பிரமிடு குடுப்பாரு, அந்த ஒரு கோட்ட மட்டும் கெட்டியாப் போட்டுரு, முழு மார்க்குன்னு. நானும் அப்படித்தான் போட்டேன். இந்தப் புள்ள ஹாஸ்டல்ல இல்ல. லேட்டா வேற சேர்ந்துது. அதுக்கு யாரும் சொல்லல."

அவன் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. அதன் இலைகளில் தூசி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடத்தில் ஒரு நாய்கூட என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒருத்தன் சொன்னான் சார். எங்க பேட்ச். ஞாபகம் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

"அவன் ரெண்டாவது செமஸ்டருக்கு வரல" என்றான்.

நவம்பர் 7

இடது கைப் பழக்கம். கண்ணாடி போட்டிருப்பான். பெயர் நினைவில்லை.

நவம்பர் 8

கல்லூரிக்குப் போகவில்லை. இங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எத்தனை முதலாமாண்டுகள், எத்தனை பிரிவுகள், எத்தனை தாள்கள். தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று வணக்கம் சார் என்றவர்கள். ஆசிரியர் தினத்துக்குச் சால்வை போர்த்தியவர்கள். வேலை கிடைத்ததும் இனிப்போடு வந்து, நீங்கள் போட்ட அடித்தளம் சார் என்றவர்கள். ஒவ்வொருத்தனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கோட்டைக் கெட்டியாகப் போட்டிருக்கிறான். நான் என்ன, கோயில் யானையா? தும்பிக்கையில் காசை வைத்தால் தலையைத் தொட்டுவிடும், அவ்வளவுதான் என்று இளையவனுக்கு மூத்தவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

கோழைகள். அத்தனை பேரும் கோழைகள். படிக்க வந்தவன் தப்பைத் தப்பென்று சொல்ல வேண்டாமா?

ஈஸ்வரி காபி கொண்டுவந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "சொன்ன புள்ளைய வெளிய நிறுத்தியிருக்கறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போனதைக் குடித்தேன்.

நவம்பர் 10

அவளை உள்ளே வரச் சொன்னேன். பெற்றோர் வர வேண்டியதில்லை, தூரம் அதிகம் என்று காரணம் சொன்னேன். வெளியே நின்ற நாட்களுக்கு ஓ.டி. எழுதிக் கொடுத்தேன், வரைகூடப் பணி என்று. விளையாட்டுக்கும் விழாவுக்கும் போகிறவர்களுக்குக் கொடுக்கிற வருகைச் சலுகைதான். அதிலும் பொய் எழுத வேண்டியிருந்தது. அவள் வாங்கிப் படித்தாள்.

"என்ன பணிங்க சார் செஞ்சேன்?"

உள்ளே போய் உட்கார் என்றேன்.

பிரமிடைக் கரும்பலகையில் முதலிலிருந்து வரைந்தேன். அந்த விளிம்பை விட்டுவிட்டுப் போட்டேன். பழைய விடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை இல்லை, சரியானதைக் காட்டிவிட்டால் போதும். அறுபது பேரும் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் தேர்வில் சுழியம் வாங்கியதால் அவளுக்கு அகமதிப்பீடு அதலபாதாளத்தில் இருக்கிறது. மாதிரித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினால்தான் பாடம் தேறும். அதே கணக்கைக் கொடுக்கப் போகிறேன். சுழியத்தை மாற்றிவிடலாமே என்று சபரிநாதன் கேட்டான். கணினியில் ஏற்றிய மதிப்பெண்ணை மாற்ற, காரணம் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தேவையில்லை. அவளுக்குத்தான் வரையத் தெரியுமே.

நவம்பர் 15

தீபாவளி முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கொளுத்திய வெடியில் கைப்பிடிச் சுவர் கறுத்துவிட்டது. சொன்னால் பல்லைக் காட்டுகிறான்.

நவம்பர் 24

மாதிரித் தேர்வு.

வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசி அரைமணியில் எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். முதல் மேசையில் கெட்டிக் கோடு. அடுத்ததிலும் கெட்டிக் கோடு. கரும்பலகையில் நான் சரியாக வரைந்து இரண்டு வாரம் ஆகிறது. அதை ஒருத்தன்கூட நம்பவில்லை. நான் பலகையில் போட்டது வேறு, எனக்குப் பிடித்தது வேறு என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாக ஒரே தப்பு. காது மடல் சூடாகிக்கொண்டே வந்தது.

கடைசி வரிசையில் கோகிலவாணி. குனிந்து அந்த விளிம்பின் மேல் பென்சிலை இரண்டாம் முறை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். கெட்டியாக.

"இது என்ன?" என்றேன்.

எழுந்து நின்றாள்.

"இந்தக் கோடு தப்பு."

"தெரியுங்க சார்."

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. பென்சில் ஓசைகள் நின்றுவிட்டன. தெரிந்தே ஏன் போட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் பதில் வரும். அவள் பதில் சொல்லக்கூடியவள். கேட்கவில்லை. மேசையை ஓங்கித் தட்டினேன். ஒரு ஸ்கேல் கீழே விழுந்தது. எல்லோரும் திரும்ப வரையுங்கள், அந்தப் படத்தை இப்போதே திரும்ப வரையுங்கள் என்று கத்தினேன். யாரும் அசையவில்லை.

கோகிலவாணிதான் கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு. ஒரு பருவமே இதில் இருக்கிறது.

"சரியானத வரையட்டுங்களா சார், உங்களோடத வரையட்டுங்களா?"

அறுபது முகங்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

"சரியானதை" என்றேன்.

அறுபது ரப்பர்கள் ஒரே நேரத்தில் தாளைத் தேய்க்கும் ஓசையை நான் இதுவரை கேட்டதில்லை. ஒருவனும் சந்தேகம் கேட்கவில்லை. ஒருவனும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவில்லை. பொத்தான் கேட்டவன்கூட நிமிராமல் வரைந்தான். மணி அடிப்பதற்குள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். தாள்களை அங்கேயே நின்று திருத்தினேன், டிரேசிங் தாள் இல்லாமல், ஒவ்வொரு கோடாகக் கண்ணால் பார்த்து. எல்லாம் சரி. இவர்களை என்ன செய்வது?

கோகிலவாணி கடைசியாக வந்தாள். தாளில் அழித்த கோட்டின் தடம் குழியாக இருந்தது. அதன் மேல் விட்டுவிட்டுப் போட்டிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். பார்த்தாள். டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வணக்கம் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனாள்.

நான் கூப்பிட்டு நிறுத்தவில்லை.